மானம் வேறு, மரியாதை வேறு

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எமக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறையைப் போதித்த அம்மையார் ஒரு வழக்கத்தை வற்புறுத்துவார். தாய்மொழியிலுள்ள ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதிய பின், அந்த ஆங்கில வாக்கியத்தை மறுபடியும் தாய்மொழிக்கே கொண்டுவந்து பார்க்க வேண்டும். புறப்பட்டுப் போன பொருளே வீடு திரும்பினால் மொழிபெயர்ப்பு சரி. வேறொன்று வந்து நின்றால், வழியில் எங்கோ ஆள் மாறிவிட்டது என்று பொருள். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதையே யாமும் சொல்லிக் கொடுத்தோம். இதனால் இலக்கணம் தெளியும் என்று மட்டுமே அப்போதெல்லாம் எண்ணியிருந்தோம். இது அறத்தையும் சோதிக்கும் என்பதை ஓய்வு பெற்ற பின்னர்தான், 2017ஆம் ஆண்டில், பஞ்சாபில் கற்றுக்கொண்டோம். கற்பித்தவர் பள்ளிக்கூடம் அதிகம் பார்த்திராத ஒரு மூதாட்டி.

மருமகப்பிள்ளையின் பணி நிமித்தம் எம் மகள் குடும்பம் அப்போது லூதியானாவில் இருந்தது. கம்பளி ஆடைத் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகரம் அது. மூர்த்திபூஜகர், ஸ்தானகவாசி ஆகிய இரு பிரிவைச் சார்ந்த சமணக் குடும்பங்களும் அங்கே நிறைய உண்டு. அவர்கள் வீட்டில் பேசுவது பஞ்சாபியே. ஆயினும் யாம் சொல்லப் போவது சமண வீட்டைப் பற்றியன்று. அடுத்த வீட்டிலிருந்த சீக்கிய அம்மையாரைப் பற்றி. எம்மிலும் பத்து வயதேனும் மூத்தவர். எல்லாரையும் போல யாமும் அவரைப் 'பீஜி' என்றே அழைத்தோம். அவர் எம்மைப் 'பெஹன்ஜி' என்பார். அந்நாளில் இந்திப் பிரசார சபைத் தேர்வுகளுக்காகப் படித்த இந்தி எமக்குக் கைகொடுத்தது. அவர் பஞ்சாபியில் பேசுவார், யாம் இந்தியில் விடை சொல்லுவோம். நாளடைவில் பஞ்சாபியும் ஓரளவு காதுக்குப் பழகிவிட்டது.

தேசப் பிரிவினையின்போது பீஜிக்கு ஏழு வயது. இன்று பைசலாபாத் எனப்படும் லாயல்பூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர் அவருடையது. அங்கிருந்து மாட்டு வண்டிகளும் மனிதர்களுமாக மைல் கணக்கில் நீண்ட ஒரு 'காஃபிலா'வில் நடந்தே எல்லையைக் கடந்து வந்த குடும்பம். அந்தக் காலத்தைக் குறிக்க முதியவர்கள் 'பிரிவினை' என்ற சொல்லை அவ்வளவாக ஆள்வதில்லை, 'ரௌலே' என்பார்கள். இரைச்சல், கூச்சல், அமளி என்று அதற்குப் பொருள். இலட்சக்கணக்கானோர் மாண்டுபோன ஒரு நிகழ்வைக் கூச்சல் என்று சொல்லிக் கடந்து போவதேன் என்று ஒருமுறை கேட்டோம். 'அதற்குமேல் பெரிய பெயர் வைத்தால், பேச்சு வரும்போதெல்லாம் அதையும் தூக்கவேண்டுமே, பெஹன்ஜி' என்றார்.

2017ஆம் ஆண்டில் அது நடந்து 70 ஆண்டுகள் நிறைந்தன. அப்போது மாண்ட மூவரை நினைத்து வீட்டில் கிரந்தப் பாராயணம் வைப்பதென்று பீஜியின் குடும்பத்தார் முடிவு செய்தனர். முதலாமவர் பீஜியின் தாத்தா. காஃபிலாவில் காலரா கண்டு வழியிலேயே இறந்தவர். இரண்டாமவர் சிற்றப்பா, கூட்டத்தைத் தாக்கியவர்களால் கொல்லப்பட்டவர். மூன்றாமவர் தந்தையின் தங்கை, பஞ்சாபியில் 'பூஆ'. அத்தை என்போம் நாம். அவருக்கு அப்போது வயது பத்தொன்பது. கனடாவிலுள்ள பேரப்பிள்ளைகளுக்குப் பஞ்சாபி பேச வரும், வாசிக்க வராது. நினைக்கப்படுபவர் யார், எவர் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பும்படி அவர்கள் கேட்டிருந்தார்கள். ஆங்கில ஆசிரியை அடுத்த வீட்டில் இருக்கும்போது வேறு யாரிடம் போவது? பீஜி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு எம்மிடம் வந்துவிட்டார்.

தொடக்கத்தில் அது விளையாட்டுப் போலவே இருந்தது. நினைவு என்பதற்கு அவர்கள் 'யாத்' என்பார்கள். பாரசீகத்திலிருந்து வந்த சொல். நினைவு தானாக வந்தால் 'யாத் ஆவுணா'. முயன்று நினைத்தால் 'யாத் கர்னா'. மறவாமல் வைத்துக்கொண்டால் 'யாத் ரக்கணா'. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் 'ரிமெம்பர்' ஒன்றே. 'எனக்கு நினைவு வருகிறது' என்று சொல்லும் நம் வாய்க்குப் பஞ்சாபியின் போக்கு எளிதில் விளங்கும். நினைவு நம்மைத் தேடி வரும் விருந்தாளி. நாம் அதன் எஜமானர் அல்லர். ஆங்கிலத்திலோ 'நான்' முன்னே நின்று நினைவைக் கையில் பிடித்துக்கொள்கிறது. பீஜிக்கு இது வியப்பாக இருந்தது. 'எனக்கு வருவது வேறு, நான் செய்வது வேறு. பாராயணம் நான் செய்வது. இராத்திரியில் வருவதை நான் செய்யவில்லையே' என்றார்.

இறந்தார் என்பதற்குப் 'பூரே ஹோ கயே' என்று ஒரு வழக்கு அங்கே உண்டு. நிறைவெய்தினார் என்று சொல்லலாம். நம் நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகளின் இரங்கல் பத்தியில் வரும் 'எக்ஸ்பயர்ட்' என்பதை எடுத்துக்காட்டினோம். பீஜி அலமாரியிலிருந்து ஒரு மருந்துக் குப்பியை எடுத்து வந்து அடிப்பக்கத்தைக் காட்டி, 'இதுவா?' என்று கேட்டார். அந்தச் சொல்லை விட்டுவிட்டோம். ஆண்டு நினைவு நாளான 'பர்சி'க்கு 'ஆனிவர்சரி' என்று எழுதினால் பிள்ளைகள் திருமண நாள் என்று கொள்வார்களோ என்று தயக்கம். பாராயணத்தின் நிறைவுச் சடங்கான 'போக்' ஆங்கிலத்தில் எதிலும் அடங்கவில்லை. அதை அப்படியே விட்டு, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் எழுதினோம். 'ஷ்ரத்தாஞ்சலி' என்ற சொல்லில் சிரத்தையும் இருக்கிறது, குவித்த இரு கைகளும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அதற்கு ஈடாக ஆளும் 'ட்ரிப்யூட்' என்பதோ, வென்ற அரசுக்குத் தோற்றவர் கட்டிய திறையைக் குறித்த பழைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. சொற்களுக்கும் முற்பிறவி உண்டு போலும்.

இடர்ப்பாடு 'ஷஹீத்' என்ற சொல்லில் தொடங்கியது.

இது அரபுச் சொல். சாட்சி என்ற பொருளோடு பிறந்தது. ஆங்கிலத்தின் 'மார்ட்டர்' கிரேக்கத்திலிருந்து வந்தது. அதன் முதற்பொருளும் சாட்சியே. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பது வியப்புத்தான். தான் உண்மையென்று கொண்டதற்கு உயிரைக் கொடுத்தே சாட்சி சொன்னவர் என்பது கருத்து. பஞ்சாபியர் இச்சொல்லைத் தம்முடைய உயிர்ச்சொல்லாக ஆக்கிக்கொண்டார்கள். 1931ஆம் ஆண்டு மார்ச் 23இல் லாகூரில் தூக்கிலிடப்பட்ட பகத்சிங் அவர்களுக்கு 'ஷஹீத்-ஏ-ஆசம்'. அன்றாடம் ஓதப்பெறும் 'அர்தாஸ்' என்னும் பொது வேண்டுதலில், அறத்துக்காக உயிர் நீத்தவர்களை நினைப்பது நிலையான ஒரு பகுதி. 1947க்குப் பின், எல்லைக்கப்பால் நின்றுபோன நன்கானா சாகிப் முதலிய திருத்தலங்களைத் தடையின்றித் தரிசிக்கும் பேறு வேண்டும் என்ற விண்ணப்பமும் அதில் சேர்ந்துகொண்டது. கர்த்தார்பூர் வழித்தடம் 2019ஆம் ஆண்டு நவம்பர் 9இல் திறக்கப்பட்டபோது, 72 ஆண்டுகள் விடாமல் உச்சரித்த ஒரு வாக்கியத்தின் ஒரு பங்கு நிறைவேறிற்று என்று சொல்லலாம். நினைவை இவ்வளவு கருத்தோடு நாள்தோறும் பயிலும் மக்கள் உலகில் சிலரே என்பது எம் துணிபு.

மூவரில் சிற்றப்பாவை 'கொல்லப்பட்டார்' என்றும், தாத்தாவை 'நோயுற்று இறந்தார்' என்றும் எழுதிவிட்டோம். அத்தையைப் பற்றிப் பீஜி சொன்ன வாக்கியம் இதுதான்: 'பூஆ இஸ்ஸத்துக்காக ஷஹீத் ஹோ கயீ.' யாம் சற்றும் தயங்காமல், அழகிய ஆங்கிலத்தில், 'குடும்பத்தின் ஹானருக்காகத் தன் உயிரை சாக்ரிஃபைஸ் செய்து மார்ட்டர் ஆனார்' என்று எழுதினோம். பிறகு பயிற்சிக் கல்லூரி வழக்கப்படி அதை வாய்மொழியாகத் திருப்பிச் சொன்னோம்: 'குடும்ப இஸ்ஸத்துக்காகப் பூஆ தன் உயிரைத் தானே கொடுத்தார்.'

பீஜி வெகு நேரம் பேசவில்லை. பிறகு, 'அவள் கொடுக்கவில்லை' என்றார்.

அன்றுதான் முழுவதையும் சொன்னார். கலகக்காரர் பக்கத்து ஊருக்கு வந்துவிட்டதாகச் செய்தி வந்த காலை. வீட்டு ஆண்கள் முற்றத்தில் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை ஏழு வயதுப் பீஜியை ஓரமாக அழைத்து, தீவனம் போட்டுவைக்கும் அறையில் ஓர் ஆள் ஒளிய இடமிருக்குமா, போய்ப் பார்த்து வா என்று அனுப்பியிருக்கிறார். இடம் இருந்தது. சொல்வதற்குத் திரும்பி வந்தபோது அத்தையை உள்ளே அழைத்துப் போயிருந்தார்கள். பிறர் கையில் அகப்பட்டுக் குல மானம் போகாதிருக்க, அவளுடைய தந்தையே, பீஜியின் தாத்தாவே, அவளுடைய உயிரைப் போக்கினார். கலகக்காரர் அந்த ஊருக்கு அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் குடும்பம் காஃபிலாவில் சேர்ந்தது.

'ஹோ கயீ' என்றால் 'ஆனாள்'. நம் தமிழிலும் இப்படிச் சொல்லலாம்: 'அத்தை தியாகியானாள்'. ஆக்கியவர் யார் என்று இந்த வினை கேட்பதில்லை. கேட்காமலே எழுபது ஆண்டுகள் ஒரு குடும்பத்தைக் காத்தும் வந்திருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது வினைக்கு ஒரு கர்த்தா வேண்டியிருந்தது. யாம் அந்த இடத்தில் அத்தையையே நிறுத்திவிட்டோம். கொல்லப்பட்டவளைக் கொடுத்தவளாக்கினோம். செய்வினை, செயப்பாட்டுவினை என்று கரும்பலகையில் எத்தனை ஆயிரம் வாக்கியங்கள் எழுதியிருப்போம்! இந்த ஒரு வாக்கியத்தில் தவறினோம்.

கர்த்தா இல்லாத வாக்கியம் சாமானியரின் மறைவிடம் மட்டுமன்று. 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலா பாக்கில் சுடப்பட்டு இறந்தவர் 379 பேர் என்பது பிரிட்டிஷ் அரசு ஒப்புக்கொண்ட கணக்கு. இந்தியத் தரப்புக் கணக்கு அதனினும் மிகப் பெரிது. நூறாண்டு நிறைவை ஒட்டி, 2019 ஏப்ரலில், பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே 'நிகழ்ந்ததற்கு' ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார்; மன்னிப்புக் கேட்கவில்லை. பஞ்சாபியில் முன்னது 'அஃப்ஸோஸ்', பின்னது 'மாஃபி'. மழை பெய்து தேர் நின்றாலும் அஃப்ஸோஸ் சொல்லலாம்; மாஃபி கேட்பதற்குச் செய்தவன் ஒருவன் முன்னே வந்து நிற்க வேண்டும். அவ்வாண்டு செப்டம்பரில் காண்டர்பரிப் பேராயர் ஜஸ்டின் வெல்பி அவ்விடத்துக்கு வந்து, நினைவுச் சின்னத்தின்முன் தரையில் நெடுஞ்சாண் கிடையாக விழுந்தார். அரசின் சார்பில் பேசத் தமக்கு உரிமையில்லை என்று சொல்லிவிட்டே அதைச் செய்தார். உரிமையுள்ளவர்கள் நின்றுகொண்டே பேசினார்கள். இது நிற்க.

பீஜி அடுத்துக் கேட்ட கேள்வி எம் உறக்கத்தைக் கெடுத்தது. 'ஹானர் என்றால் இஸ்ஸத்தா, சத்காரா?'

ஆங்கில அகராதியைப் புரட்டினால் இரண்டுமே அச்சொல்லுக்குள் இருக்கின்றன. பஞ்சாபியில் அவை வேறு வேறு. 'இஸ்ஸத்' ஒருவர் உடைமை, ஊராரின் கண்ணில் இருப்பது, போகக்கூடியது, ஆகவே காவல் காக்கப்படுவது. 'சத்கார்' ஒருவர் மற்றவருக்குச் செய்வது, கொடுப்பது, கொடுத்தால் குறையாதது. நம் மொழியிலும் மானம் வேறு, மரியாதை வேறு அன்றோ? இஸ்ஸத்துக்கு எப்போதும் பகைவன் ஒருவன் வேண்டும். அவன் வராவிட்டாலும் வருவான் என்ற அச்சமாவது வேண்டும். சத்காருக்கு எதிரே ஒரு மனித உயிர் இருந்தால் போதும், உயிர் போன உடல் இருந்தாலும் போதும். 'இறந்தவர்களை ஹானர் செய்கிறோம்' என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது நாம் எதைச் செய்கிறோம்? அவர்களுக்கு மரியாதை செய்கிறோமா, அவர்களைக் கொண்டு நம் மானத்தைக் காத்துக்கொள்கிறோமா? பீஜி சொன்னார்: 'தாத்தா இஸ்ஸத்தைக் காப்பாற்றினார். பூஆவுக்கு சத்கார் செய்தவர் யார்? பர்சி அன்று தாத்தாவின் பெயரைச் சொல்வோம், சித்தப்பாவின் பெயரைச் சொல்வோம். அவளை "வீட்டு ஷஹீத்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, பெஹன்ஜி.'

இது ஒரு வீட்டுக் கதையன்று. 1947 மார்ச்சில் ராவல்பிண்டி மாவட்டத்துத் தோஹா கால்சா என்னும் ஊரில் ஏறத்தாழத் தொண்ணூறு பெண்கள் கிணற்றில் குதித்து மாண்டனர். அவர்கள் வீராங்கனைகளாகப் போற்றப்படுகின்றனர். ஊர்வசி புட்டாலியா 1998இல் வெளியிட்ட நூலில் பிரிவினைக் காலத்துப் பெண்களின் கதைகளைத் திரட்டி, சங்கடமான ஒரு கேள்வியை எழுப்பினார்: அச்சூழலில் மாண்ட பெண்களுள் தாமே விரும்பியவர் எத்தனை பேர், விருப்பம் கேட்கப்படாதவர் எத்தனை பேர்? எல்லாரையும் ஒரே சொல்லால் போற்றும்போது இரண்டாமவரின் வாய் இன்னொரு முறை பொத்தப்படுகிறது. உயிரோடு கடத்தப்பட்டவர்களுக்கும் ஒரு சொல் கிடைத்தது. 1949இல் இயற்றப்பட்ட சட்டம் அவர்களை 'மீட்பது' பற்றியது, ஆங்கிலத்தில் 'ரெக்கவரி'. களவு போன பொருளுக்கும் அச்சொல்லே ஆளப்படுகிறது. அவ்வாறு மீட்கப்பட்டவர்களுள் பலரை அவர்தம் குடும்பத்தாரே ஏற்க மறுத்தனர். காரணமாகச் சொல்லப்பட்டது மறுபடியும் இஸ்ஸத்.

அந்த ஆண்களைப் பழித்து எழுதுவது எம் நோக்கமன்று. அவர்களுடைய அச்சம் பொய்யன்று. அக்கம்பக்கத்து ஊர்களில் நடந்ததைக் கேட்டிருந்தார்கள். அச்சத்தில் மனிதன் என்ன செய்வான் என்பதைத் திண்ணையில் அமர்ந்து தீர்ப்புச் சொல்வது எளிது. எனினும் அச்சத்தால் செய்ததை அறம் என்று பெயர் மாற்றி அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது வேறு செயல். அதை அச்சத்தில் யாரும் செய்வதில்லை. ஆர அமர இருந்துதான் செய்கிறோம்.

அந்த வாரமே பீஜி எம்மை ஃபதேகர் சாகிப்புக்கு அழைத்துச் சென்றார். குரு கோவிந்தசிங்கின் இளைய மைந்தர் இருவரும், ஜோராவர்சிங், ஃபதேசிங் என்னும் சிறுவர்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிர்ஹிந்து ஆளுநர் வஜீர்கானின் ஆணைப்படி கொல்லப்பட்ட தலம். பாட்டியார் மாதா குஜ்ரியும் அப்போதே உயிர் நீத்தார். ஆண்டுதோறும் டிசம்பரில் இலட்சக்கணக்கானோர் அங்கே கூடுகின்றனர். 'மேளா' என்றால் கொண்டாட்டம் போலாகிவிடும் என்று அதை 'ஷஹீதி சபா' என்று அழைப்பவர் பலர். அந்நாட்களில் மங்கல காரியம் செய்யாமல், கட்டிலை விட்டுத் தரையில் படுக்கும் முதியோரும் உண்டு. அச்சிறுவர்கள் தம் நெறியை விடச் சொல்லி வற்புறுத்தப்பட்டு, மறுத்து, மாண்டவர்கள். 'ஷஹீத்' என்ற சொல் அங்கே தன் முழுப்பொருளோடு நிற்கிறது.

சிறுவர்கள் கொல்லப்பட்ட இடத்திலிருந்து சிறிது தொலைவில் ஜோதி ஸரூப் குருத்வாரா இருக்கிறது. அது தகனம் நடந்த இடம். மூவர் உடலையும் எரியூட்ட நிலம் தர அதிகாரத்திலிருந்தவர்கள் மறுத்தார்கள்; வேண்டுமானால் அந்நிலத்தின்மேல் பொற்காசுகளைப் பரப்பி விலை கொடுத்து வாங்கிக்கொள் என்றார்களாம். அவ்வாறே காசுகளைக் குத்துக் குத்தாக நிறுத்திப் பரப்பி, நிலம் வாங்கி, இறுதிக் கடன் செய்வித்தவர் திவான் தோடர்மல் என்னும் வணிகப் பெருமகனார். அவர் சமணர் என்பது அப்பகுதியில் வழங்கும் மரபு. லூதியானாச் சமணர்கள் அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் ஒளியை யாம் கண்டிருக்கிறோம். சீக்கிய மக்களும் அவரை நன்றியோடு போற்றுகின்றனர். மாலேர்கோட்லா நவாப் ஷேர் முகம்மது கானையும் அவ்வாறே நினைக்கிறார்கள். சிறுவர்களுக்கு விதித்த தண்டனை தகாது என்று அவையில் குரல் எழுப்பியவர் அவர். 1947இல் சுற்றுவட்டாரமெல்லாம் எரிந்தபோது மாலேர்கோட்லாவின் முஸ்லிம்கள் தீங்கின்றி இருந்தார்கள் என்றால், அந்த ஒரு குரலின் நினைவும் அதற்கொரு காரணம் என்பார்கள். கொடுமையை மறவாத மக்கள் நன்மையையும் மறக்கவில்லை.

தோடர்மல் வாளெடுத்தவர் அல்லர். சாட்சி சொல்லி மாண்டவரும் அல்லர். யாருடைய மானமும் அவர் கையில் இல்லை. முன்பின் உறவில்லாத மூவரின் உடலுக்கு மரியாதை செய்தார், அவ்வளவே. ஆங்கிலத்தில் அவர் செய்ததும் 'ஹானர்'. பீஜியின் தாத்தா காத்ததும் 'ஹானர்'. குருத்வாராவின் குளிர்ந்த தரையில் அமர்ந்திருந்தபோது இது எமக்கு உறைத்தது. திரும்பும் வழியில் பீஜியிடம் சொன்னோம். 'அந்தச் சேட் பூஆவுக்கு உறவாகத் தோன்றுகிறார்' என்றார் பீஜி.

ஆனாலும் யாம் உடனே இணங்கிவிடவில்லை என்பதை ஒளிக்கலாகாது. பேரப்பிள்ளைகள் இளையவர்கள், கொள்ளுத் தாத்தாவைக் கொலைகாரராக அவர்களுக்கு ஏன் காட்ட வேண்டும்? பழம் பகையைக் கிளறுவதும் இம்சைதானே? 'மாண்டார்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாமே என்று வாதாடினோம். எமது சமயப் பயிற்சி எமக்குத் துணை நிற்பதாகவே நினைத்தோம். பத்துப் பிறவிகளாகப் பகையை மறவாது தொடர்ந்து வந்த கமடனின் கதையை அறிந்தவர்கள் அல்லவா நாம்? மறப்பதே பொறுமை என்று எண்ணினோம்.

அன்றிரவு நினைவுக்கு வந்தது, நம் யசோதர காவியம். பஞ்சாபியரின் 'சிம்ரன்' என்ற சொல்லும் நம் நூல்கள் கூறும் 'சாதிஸ்மரண'த்தின் ஸ்மரணமும் ஒரு வேரின. முந்தையது இறைநாமத்தை இடைவிடாது நினைப்பது, பிந்தையது முற்பிறப்பை உணர்வது. காவியத்தில் பலியிடக் கொண்டுவரப்பட்ட அபயருசியும் அபயமதியும் என்ன செய்தார்கள்? மாக்கோழியைப் பலியிட்ட வினையால் தாம் பட்ட பிறவித் துன்பங்களை ஒன்று விடாமல் மாரிதத்தனுக்குச் சொன்னார்கள். யார் யாரைக் கொன்றார் என்பதை மறைக்கவில்லை; கொன்றவரில் தாயும் மகனும் மனைவியும் இருந்தும் மறைக்கவில்லை. அதைக் கேட்டே அரசன் பலியை நிறுத்தினான். கமடனுக்கும் நினைவு இருந்தது, இவர்களுக்கும் இருந்தது. வேறுபாடு நினைவின் அளவில் இல்லை. அதனோடு சேர்ந்திருந்த வைரத்தில் இருந்தது. வைரத்தை விடச் சொன்ன நூல்கள் உண்மையை விடச் சொல்லவில்லை. இத்தனை வயதுக்குமேல் இதைப் பக்கத்து வீட்டில் கற்க நேர்ந்தது எமக்கு வெட்கந்தான்.

மறுநாள் இருவரும் மறுபடியும் உட்கார்ந்தோம். 'விக்டிம்' என்ற சொல்லை யாம் முன்வைத்தோம். அதுவும் லத்தீனில் பலிப்பொருளைக் குறித்ததுதான். பீஜி வேண்டாமென்றார்: 'அது அவர்கள் அவளை ஆக்கியது. அவள் அது அல்ல.' 'மார்ட்டர்' அடிக்கப்பட்டது. 'சாக்ரிஃபைஸ்' அடிக்கப்பட்டது. 'ஹானர்' என்ற சொல்லைப் பெயர்ச்சொல்லாக எங்கும் வைப்பதில்லை, வினைச்சொல்லாக ஓரிடத்தில் மட்டும் வைக்கலாம் என்று முடிவாயிற்று. இறுதியில் நின்ற வாக்கியங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளை எழுதக்கூடியவை. முதலில் அத்தையின் பெயர். பின், அவருக்கு வயது பத்தொன்பது, நன்றாகத் தைப்பார், அவர் உயிரோடிருக்க விரும்பினார், அஞ்சிப்போன தம் சொந்த மக்களால் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார், அவரை நாங்கள் நினைக்கிறோம், அவரை ஹானர் செய்கிறோம்.

தாத்தாவின் பத்தியில் தயக்கம் வந்தது. பீஜி அவரையும் விடவில்லை. மகளுக்குப் பின் ஒன்பது நாள் அவர் யாரோடும் பேசவில்லையென்றும், வழியில் காலரா கண்டபோது தண்ணீரை மறுத்துவிட்டார் என்றும் எழுதச் சொன்னார். ஏன் மறுத்தார் என்று எழுதட்டுமா என்றோம். 'அது எனக்குத் தெரியாது. தெரிந்ததை மட்டும் எழுது' என்றார். அவர் பெயர் மூன்றாவதாக வந்தது, ஆனால் வந்தது.

போக் அன்று கனடாவிலிருந்து பேத்தி தொலைபேசியில் அழைத்து, அந்தப் பக்கத்தைத் தாமே படித்துக் காட்ட விரும்புவதாகச் சொன்னாள். ஒலிபெருக்கியில் போட்டார்கள். வீட்டிலிருந்த முப்பது, நாற்பது பேரும் கேட்டார்கள். ஒரு முதியவர் எழுந்து வெளியே போனார், பிறகு திரும்பி வந்து கதவருகில் நின்றார். அத்தையின் பெயரில் நாக்கை மடித்துச் சொல்லவேண்டிய ஓர் எழுத்து உண்டு. அங்கே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு அது வரவில்லை. பீஜி நிறுத்தித் திருத்தினார். மறுபடியும் தவறிற்று. மறுபடியும் திருத்தினார். மூன்றாம் முறை சரியாக வந்தது. 'ஹான், ஏஹீ' என்று சொல்லிவிட்டு, கடாஹ் பிரசாதத்துக்காக இரு கைகளையும் குவித்து வரிசையில் அமர்ந்திருந்தவர்களிடம் பாத்திரத்தை எடுத்துச் சென்றார்.